மாட்டில் பங்கு என்றால் எதில் பங்கு?

(சென்னையில் மாணவர் வாசிப்பு வட்டம் ஒன்றின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நிலமற்ற குடும்பங்களும் கால்நடை வளர்ப்பும் என்பது என் முனைவர் பட்ட ஆய்வு. அதைப் பற்றியே பேசுங்கள் என்று இந்த வட்டத்தின் தோழர்கள் கேட்டார்கள். ஆய்வேட்டை இங்கே வாசித்தால் பாதிப் பேர் தூங்கிவிடுவீர்கள். அதனால் ஒரு விளம்பரத்திலிருந்து தொடங்குகிறேன்.

சில மாதங்களுக்கு முன் விடுதி நண்பர் ஒருவர் கைபேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். ஊருக்கு வெளியே ஒரு பண்ணை. அங்கே இருக்கும் நாட்டு மாட்டில் நீங்கள் ஒரு பங்கு வாங்கலாம். கறந்த பால் காய்ச்சாமல், எதுவும் கலக்காமல் காலையில் உங்கள் வாசலுக்கு வரும். மாட்டுக்கு நீங்களே பெயர் வைக்கலாம். ஞாயிற்றுக்கிழமை குழந்தைகளோடு போய்ப் பார்த்துவிட்டு வரலாம். நண்பர் கேட்டார்: "நல்ல ஐடியாவா இருக்கே, நாலு பேர் சேர்ந்து வாங்கலாமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "எங்க அம்மாவும் பங்கு மாடுதான் வளர்த்தாங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. நான் சொன்ன பங்கும் அந்த விளம்பரம் சொன்ன பங்கும் ஒன்றல்ல. இன்றைக்கு நான் பேசப்போவது அந்த வித்தியாசத்தைத்தான்.

முதலில் விளம்பரம் சொல்லும் பங்கைப் பார்ப்போம். இந்த ஏற்பாட்டை அமெரிக்காவில் பரவலாகக் காணலாம். காய்ச்சாத பாலை மனிதர் குடிப்பதற்காக ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோய் விற்கக் கூடாது என்று அந்த நாட்டின் ஒன்றிய அரசு 1987இல் தடை விதித்தது. மாநிலத்துக்குள் விற்கலாமா கூடாதா என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆனால் ஒருவர் தன் சொந்த மாட்டின் பாலைத் தானே குடிப்பதை யாரும் தடுப்பதில்லை. அந்தச் சந்து வழியாகத்தான் பங்கு மாடு நுழைந்தது. பல குடும்பங்கள் ஒரு மாட்டில் அல்லது மந்தையில் பங்கு வாங்குகின்றன. மாடு விவசாயியின் கொட்டகையிலேயே இருக்கும். பங்குக்காரர்கள் முதலில் ஒரு தொகை கட்டுகிறார்கள். அதன்பிறகு மாதாமாதம் தீவனத்துக்கும், பராமரிப்புக்கும், கறக்கும் வேலைக்கும் பணம் கொடுக்கிறார்கள். இதெல்லாம் எழுத்தில் ஒப்பந்தமாக இருக்கும்.

இந்த ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: அங்கே மாட்டின் சொந்தக்காரர், மாட்டை வளர்ப்பவருக்கு மாதாமாதம் பணம் கொடுக்கிறார்.

இப்போது எங்கள் ஊர்ப் பங்குக்கு வருகிறேன். விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கிராமம். அதில் ஊர் வேறு, காலனி வேறு. நான் காலனி. எங்கள் பக்கம் இதை 'வாரத்துக்கு மாடு பிடிப்பது' என்போம். வேறு பகுதிகளில் 'பங்குக்கு வளர்ப்பது' என்பார்கள். ஊரில் காசு உள்ளவர் சந்தையில் ஒரு கிடேரிக் கன்று வாங்குவார். அதைக் காலனியில் ஒரு வீட்டில் கொண்டுவந்து கட்டுவார். அன்றிலிருந்து அதற்குப் புல் அறுப்பது, தண்ணீர் காட்டுவது, தவிடு வாங்குவது, மேய்ப்பது, சாணி அள்ளுவது, உடம்பு சரியில்லை என்றால் மருந்தகத்துக்கு ஓட்டிப் போவது எல்லாம் வளர்ப்பவர் பொறுப்பு. கன்று வளர்ந்து, சினையாகி, தலையீத்து ஈனும்போது மாட்டுக்கு விலை போடுவார்கள். விலையில் பாதி வளர்த்தவருக்கு. சில இடங்களில் போட்ட முதலைக் கழித்துவிட்டு மீதியில்தான் பாதி. தாய் மாட்டைக் கொடுத்தால் ஈத்துக்கு ஈத்து கன்றை மாற்றி மாற்றி எடுத்துக்கொள்ளும் வழக்கமும் உண்டு. ஒப்பந்தம் என்று ஒரு துண்டுத்தாள் கூடக் கிடையாது. எல்லாம் வாய்ப்பேச்சு.

அமெரிக்கப் பங்குக்காரர் வளர்ப்பவருக்குப் பணம் கொடுக்கிறார் என்றேன். எங்கள் ஊரில் தவிட்டுக்கும் பிண்ணாக்குக்கும் என் அம்மா பணம் கொடுத்தார். அதாவது, அடுத்தவர் சொத்தைப் பெருக்குவதற்குச் சொத்தே இல்லாதவர் செலவு செய்தார். இதற்கும் பங்கு என்றுதான் பெயர்.

நான் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். 2015ஆம் ஆண்டு நவம்பர் மழை. கடலூரும் விழுப்புரமும் மிதந்தது உங்களுக்கு நினைவிருக்கும். எங்கள் வீட்டில் ஒரு ஜெர்சிக் கலப்புக் கிடேரி நின்றது. அம்மா அதை ஆறு மாதக் கன்றாகப் பிடித்து இரண்டரை வருடம் வளர்த்திருந்தார். நிறைசினை. இன்னும் இரண்டு வாரத்தில் கன்று போடும். மாட்டின் சொந்தக்காரர் ஏற்கெனவே தரகரிடம் விலை கேட்டுவிட்டார், முப்பதாயிரத்துக்குக் குறையாது என்று சொல்லியிருந்தார்கள். பாதி என்றால் பதினைந்தாயிரம். அதில் என் விடுதிக் கட்டண பாக்கியைக் கட்டிவிட்டு, மிச்சத்தில் கூரைக்குத் தகரம் போடலாம் என்று அம்மா கணக்கு வைத்திருந்தார்.

மழையில் ஓர் இரவு மாட்டுக்கு வயிறு உப்பிவிட்டது. மருத்துவரைக் கூப்பிட வழியில்லை, பாதையெல்லாம் தண்ணீர். எண்ணெய் ஊற்றிப் பார்த்தார்கள். விடிவதற்குள் மாடு செத்துப்போனது, வயிற்றில் இருந்த கன்றோடு.

மாட்டின் காதில் காப்பீட்டுக்கான வில்லை அடித்திருந்தது. வில்லை இல்லாவிட்டால் இழப்பீடு இல்லை என்பது விதி. தண்ணீர் வடிந்ததும் மருத்துவர் வந்து பார்த்துச் சான்று எழுதிக் கொடுத்தார். சொந்தக்காரர் வில்லையை எடுத்துக்கொண்டார். சில மாதம் கழித்துக் காப்பீட்டுப் பணம் வந்தது. அவர் பெயருக்குத்தான் வந்தது. அம்மா போய்க் கேட்டதற்கு, "மாடு இருந்தாத்தான வாரம்? மாடே போயிடுச்சே" என்று பதில் வந்தது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மாடு செத்த அன்று காலையில் தகவல் சொன்னதும், ஊரிலிருந்து முதலில் வந்த சொல் எது தெரியுமா? "மாட்டை எடுத்து அடக்கம் பண்ணிடச் சொல்லுங்க" என்பதுதான். உயிரோடு இருந்தவரை அவர் மாடு. செத்ததும் எங்கள் மாடு. என் அப்பாவும் சித்தப்பாவும் மழையில் குழி வெட்டினார்கள். அதற்குக் கூலி கிடையாது. கேட்கவேண்டும் என்றும் அவர்களுக்குத் தோன்றவில்லை.

ஆய்வுக்கு வந்தபிறகு அந்த இரண்டரை வருடத்துக்கு நான் ஒரு கணக்குப் போட்டேன். அம்மா ஒரு நாளைக்கு அந்த மாட்டுக்காகச் செலவழித்த நேரத்தை மிகக் குறைத்து, இரண்டே மணி நேரம் என்று வைத்துக்கொண்டேன். இரண்டரை வருடம் என்றால் சுமார் 912 நாள். 1,824 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாகப் பிரித்தால் 228 நாள். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட கூலி 183 ரூபாய். பெருக்கிப் பாருங்கள், 41,724 ரூபாய் வருகிறது. தவிட்டுச் செலவைச் சேர்க்கவில்லை. மாடு சாகாமல் இருந்து சொன்னபடி பாதி கிடைத்திருந்தாலும் பதினைந்தாயிரம்தான். அதாவது மாடு பிழைத்திருந்தாலும் அம்மாவுக்கு நட்டம்தான். செத்ததால் அது கண்ணுக்குத் தெரிந்தது, அவ்வளவுதான்.

அப்படியானால் ஏன் வாரத்துக்குப் பிடிக்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். மொத்தமாக ஒரு தொகையைப் பார்க்க நிலமற்ற ஒரு பெண்ணுக்கு வேறு வழி குறைவு. வங்கியில் அடமானம் வைக்க எதுவும் இல்லை. தன் உழைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு மாட்டுக்குள் போட்டுவைக்கிறார். மாடுதான் அவருக்கு உண்டியல். அந்த உண்டியலின் சாவி இன்னொருவரிடம் இருக்கிறது.

தோழர்களே, இதில் சாதி எங்கே வருகிறது? இது வெறும் பணக்காரர், ஏழை விஷயம்தானே என்று கேட்பவர்கள் உண்டு. மூன்று இடங்களில் வருகிறது.

முதல் இடம் புல். மாடு வளர்க்க முதலில் வேண்டியது தீவனம், தீவனத்துக்கு வேண்டியது நிலம். காலனிக்கு நிலம் இல்லை. வரப்பு ஊர்க்காரர்களுடையது. சாதாரண நாளில் "போய் அறுத்துக்கோ" என்பார்கள். கோயில் திருவிழாவில் ஒரு தகராறு, ஒரு காதல் திருமணம், உள்ளாட்சித் தேர்தலில் ஒரு போட்டி வந்தால் போதும், மறுநாள் வரப்பில் கால் வைக்க முடியாது. கைகலப்பே தேவையில்லை. புல்லை நிறுத்தினால் மாடு இளைக்கும், மாடு இளைத்தால் காலனி பணியும். ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் அறிக்கை கொடுத்து, 1892இல் ஆணை வந்து, பஞ்சமி நிலம் என்று ஒதுக்கப்பட்டதே, அது மொத்தம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். அந்த நிலம் கையில் இருந்திருந்தால் என் அம்மா புல்லுக்காக யாருடைய முகத்தையும் பார்த்திருக்க வேண்டாம். மாட்டுப் பிரச்சினை என்று நாம் பேசுவது கடைசியில் நிலப் பிரச்சினையாகத்தான் இருக்கிறது.

இரண்டாவது இடம் பால். 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடந்த ஓர் ஆய்வு, கிராமப்புற இந்தியாவில் தீண்டாமை என்ற தலைப்பில் 2006இல் நூலாக வந்தது. பால் கூட்டுறவுச் சங்கங்களில் தலித்துகள் பால் ஊற்ற விடாமல் தடுப்பதை அது தீண்டாமையின் வடிவங்களில் ஒன்றாகப் பதிவு செய்திருக்கிறது. எங்கள் ஊர்ச் சொசைட்டியில் அப்படி வெளிப்படையான தடை இருந்ததில்லை. ஆனால் காலனிப் பாலை ஊரில் எந்த வீடும் வாங்காது, டீக்கடையும் வாங்காது. சொசைட்டிக்கு மட்டும் போகும். அங்கே ஊர்ப் பாலோடு ஒரே கேனில் விழும். குளிரூட்டும் நிலையத்தில் நாற்பது கிராமத்துப் பால் ஒன்றாகும். நகரத்தில் பாக்கெட்டைக் கிழிக்கும்போது அதில் எது சேரிப் பால், எது அக்கிரகாரப் பால் என்று எந்தக் கருவியாலும் பிரிக்க முடியாது. கொழுப்பையும் இதர சத்துகளையும் அளக்கலாம், சாதியை அளக்க முடியாது. கலந்து, சூடேற்றி, ஒன்றாக்கிய பால்மேல் எனக்கு ஒரு மரியாதை உண்டு. அது ஒரு சமூகச் சாதனை.

ஆகவேதான் அந்த விளம்பரம் என்னை உறுத்துகிறது. கலப்படத்துக்குப் பயப்படுவது நியாயம். யூரியாவும் சோப்புத்தூளும் கலந்த பாலைப் பற்றிச் செய்தி வரும்போது எனக்கும் பயம்தான். ஆனால் அந்த விளம்பரத்தில் இருப்பது கலப்படம் பற்றிய பயம் மட்டுமா? 'கலக்காதது', 'தூயது', 'பாரம்பரிய இனம்', 'நம் வம்சம்' என்ற சொற்களைக் கவனியுங்கள். 2017 மெரினா போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாடு என்ற சொல்லுக்கு நகரத்தில் புது மவுசு வந்தது. ஏ2 பால் என்று தனிச் சந்தையே உருவானது. 2024 ஆகஸ்ட் 21 அன்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், ஏ1, ஏ2 என்று பாக்கெட்டில் போடாதீர்கள் என்று உத்தரவிட்டது. ஐந்தே நாளில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அந்தச் சந்தையின் பலம் அவ்வளவு. நாட்டு இனங்களைக் காப்பதை நான் எதிர்க்கவில்லை. ரத்தத் தூய்மை பற்றிப் பேசும் மொழி மாட்டோடு நிற்காது என்பதுதான் என் கவலை.

மூன்றாவது இடம் கை. காய்ச்சாத பால் நல்லதா கெட்டதா என்ற விவாதத்தில் எல்லோரும் குடிப்பவரைப் பற்றியே பேசுகிறார்கள். அறிவியல் தெளிவாகத்தான் சொல்கிறது. காய்ச்சாத பாலில் புரூசெல்லா, காசநோய்க் கிருமி உள்ளிட்டவை இருக்கக்கூடும், காய்ச்சினால் அவை சாகும். நம் ஆயாக்கள் பாலைப் பொங்கவிட்டுத்தான் கொடுத்தார்கள். ஆகவே பச்சைப் பால்தான் நம் பாரம்பரியம் என்பது பொய். நான் கேட்பது வேறு: கறப்பவருக்கு என்ன ஆகும்? மாட்டுக்குக் கருச்சிதைவை உண்டாக்கும் புரூசெல்லா, பால் வழியாக மட்டும் பரவுவதில்லை. மாடு கன்று போடும்போது வரும் நீரிலும் நஞ்சுக்கொடியிலும் இருக்கும். வெறுங்கையால் நஞ்சுக்கொடியை எடுத்துப் புதைப்பவர் யார்? விட்டுவிட்டு வரும் காய்ச்சலையும் மூட்டு வலியையும் வயசாகிவிட்டது என்று நினைத்து வலி மாத்திரை போட்டுக்கொள்பவர் யார்? காய்ச்சினால் குடிப்பவர் தப்பித்துவிடுவார். அள்ளுபவருக்கு ஒரு ஜோடி கையுறை கூட யாரும் கொடுப்பதில்லை. கிடேரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் தடுப்பூசி போடவேண்டும், 2019இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் அது உண்டு. வாரத்துக்கு வரும் கன்றுக்கு அது போடப்பட்டதா என்று எங்கள் அம்மாக்களுக்குச் சொல்ல ஆளில்லை.

பாலைக் குடிக்கும் பங்கு ஒருவருக்கு, சாணி, நஞ்சுக்கொடி, பிணம் இன்னொருவருக்கு. இது தற்செயலாக நடக்கும் வேலைப் பிரிவினை இல்லை. 1927 மார்ச்சில் மகாத் மாநாட்டில், செத்த மாட்டைத் தூக்குவதை விட்டுவிடுங்கள் என்று அண்ணல் அம்பேத்கர் நம் மக்களிடம் சொன்னார். 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில், செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதற்குப் பதிலாக அங்கே மக்கள் செத்த மாடுகளைக் கொண்டுபோய் அரசு அலுவலகத்தின் முன் போட்டார்கள். மாட்டின் வாலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், எங்கள் நிலத்தைக் கொடுங்கள் என்று முழங்கினார்கள். என் அப்பா மழையில் வெட்டிய குழியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த முழக்கம்தான் நினைவுக்கு வரும்.

சரி, என்ன செய்யலாம்?

பங்கு என்ற சொல்லை நாம் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. உண்மையான பங்கு என்னவென்று சொல்லவேண்டும். லாபத்தில் பங்கு என்றால் நட்டத்திலும் பங்கு. மாடு செத்தால் வரும் காப்பீட்டில் வளர்த்தவருக்குப் பாதி என்று காப்பீட்டுத் தாளிலேயே இருக்கவேண்டும். விலை போடுவதற்கு முன் வளர்த்தவரின் கூலியையும் தீவனச் செலவையும் கழித்து அவருக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத்தான் பாதியாக்கவேண்டும். நிலத்தில் சாகுபடி செய்யும் குத்தகைதாரருக்குத் தமிழ்நாட்டில் 1950களிலேயே பாதுகாப்புச் சட்டம் வந்தது. வாரத்துக்கு மாடு வளர்ப்பவர் இன்றைக்கும் எழுத்தில் எங்கும் இல்லை.

அடுத்தது, சொசைட்டி உறுப்பினர் புத்தகம். வாரத்துக்குப் பிடித்த கறவை மாட்டின் பாலை ஊற்றப் போனபோது, மாடு யார் பேரில் இருக்கிறதோ அவர் பேரில்தான் ஊற்றமுடியும் என்று என் அம்மாவிடம் சொன்னார்கள். பத்து வருடம் பால் ஊற்றியும் அம்மா உறுப்பினர் இல்லை. போனஸ் இல்லை, ஓட்டும் இல்லை. யார் வளர்க்கிறாரோ அவரே உறுப்பினர் என்று மாறவேண்டும்.

பெயர் எவ்வளவு மாற்றும் என்பதற்கு ஓர் உதாரணம். 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு விலையில்லாக் கறவைப் பசுத் திட்டத்தைத் தொடங்கியது. ஆண்டுக்கு 12,000 பசுக்கள், பெண்கள் பெயரில். எங்கள் ஊருக்கு அது வரவில்லை, என் சித்தி வாழ்க்கைப்பட்ட ஊருக்கு வந்தது. குறைகள் நிறைய இருந்தன, புல் பிரச்சினை அங்கேயும் தீரவில்லை. ஆனால் சித்தி பெயரில் மாடு இருந்தது, சித்தி சொசைட்டியில் உறுப்பினர் ஆனார். பால் பணம் அவர் கணக்கில் வந்தது. அவர் யாரிடமும் வாரத்துக்கு நிற்கவில்லை.

நகரத்தில் இருக்கும் தோழர்களுக்கு ஒன்று. நீங்கள் மாட்டில் பங்கு வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வாங்கும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். அங்கே கறப்பவருக்கு மாதச் சம்பளம் எவ்வளவு? மாடு செத்தால் நட்டம் யாருக்கு? செத்த மாட்டை எடுப்பது யார், அவருக்குக் கூலி என்ன? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாத பண்ணை உங்களுக்கு விற்பது பங்கு அல்ல. அப்புறம், எந்தப் பாலாக இருந்தாலும் காய்ச்சிக் குடியுங்கள்.

கடைசியாக என்னைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ஆய்வு உதவித்தொகை வந்த முதல் வருடம், அரியர் தொகையில் அம்மாவுக்கு ஒரு மாடு வாங்கிக் கொடுத்தேன். பெருமையாக இருந்தது. காப்பீட்டு விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். சென்ற வருடம் ஆய்வுக்காக வாரத்து மாட்டுக் காப்பீட்டுத் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது சந்தேகம் வந்து எங்கள் வீட்டுத் தாளை எடுத்துப் பார்த்தேன். உரிமையாளர் பெயர் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. நான் சென்னையில் இருக்கிறேன். அந்த மாட்டுக்கு ஒரு நாள் கூடச் சாணி அள்ளியதில்லை. காசு போட்டவன் என்பதால் கை தானாக என் பெயரை எழுதியிருக்கிறது. எங்கள் ஊர்ச் சொந்தக்காரர் செய்ததற்கும் நான் செய்ததற்கும் எவ்வளவு தூரம் என்று யோசித்துப் பார்த்தேன். சாதி இல்லாத வீட்டுக்குள்ளும் அதே கணக்குதான் ஓடுகிறது, அங்கே அது அம்மாவின் மேல் ஓடுகிறது.

பெயரை மாற்றக் கூட்டிக்கொண்டு போனபோது அம்மா, "பேரு யாருதா இருந்தா என்னடா, மாடு நம்ம வாசல்லதான கட்டியிருக்கு" என்றார். 2015இல் செத்த மாடும் நம் வாசலில்தான் கட்டியிருந்தது என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். போன மாதம் சொசைட்டியிலும் அவர் பெயரில் புத்தகம் போட்டாயிற்று.

உங்கள் வீட்டுத் தாள்களையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள் தோழர்களே. கேள்விகள் இருந்தால் பேசலாம்.